கேட்காமல் தூக்கிப்போன சைக்கிள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தை மாதக் குளிரில், லண்டன் கிங்ஸ்பரியில் நாங்கள் குடியிருக்கும் சின்ன மாடி வீட்டில் தொடங்கியது இது. ஒரு பழைய சைக்கிளுக்காகக் கூடப்பிறந்த அண்ணனோடு சண்டை பிடித்தவள் என்று அன்றிலிருந்து சொந்தக்காரர் மத்தியில் எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயரை நான் மறுக்கவில்லை. ஆனால் நடந்ததை முழுதாகக் கேட்டால், சண்டை சைக்கிளுக்காக மட்டும் இல்லை என்பது உங்களுக்கு விளங்கும்.

முதலில் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். அதிகாலை ஷிப்ட். வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். முதலாவது கொஞ்சம் பிந்தினாலும் இரண்டாவது போய்விடும். ஒருநாள் வேலை முடிந்து திரும்பும்போது, கென்டன் பக்கத்தில் பஸ் இதற்கு மேல் போகாது என்று சொல்லி டிரைவர் எல்லோரையும் இறக்கிவிட்டார். புறுபுறுத்துக்கொண்டு நடந்து வந்தேன். ஒரு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். வாசலில் கதிரைகள், படச்சட்டங்கள், பூச்சாடிகள். அவற்றுக்குப் பின்னால் மதிலில் சாய்ந்தபடி ஒரு பழைய ரேஸ் சைக்கிள்.

ஆட்டுக் கொம்பு மாதிரிக் கீழ்நோக்கி வளைந்த ஹாண்டில். மெல்லிய டயர். மங்கிப்போன நீல நிறம். கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் பாதி எழுத்து உரிந்துபோயிருந்தது. கியர் மாற்றும் கம்பிகள் ஹாண்டிலில் இல்லை. கீழே, முழங்காலுக்குப் பக்கத்தில், சட்டத்தில் இருந்தன. தூக்கிப் பார்த்தேன். ஒரு கையால் தூக்க முடிந்தது. விலை கேட்டேன். இங்கே ஒரு சேலைக்குப் பிளவுஸ் தைக்கக் கொடுக்கிற காசைவிடக் குறைவாகத்தான் சொன்னார்கள். பேரம் பேசாமல் வாங்கி, உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கதவைத் திறந்த என் கணவர் சைக்கிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது ஆருக்கு?" என்று கேட்டார். எனக்கு என்றேன். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

நான் பகிடி விடவில்லை. பிரேக் கம்பி துருப்பிடித்திருந்தது. யூடியூபில் பார்த்துப் பார்த்து நானே மாற்றினேன். ஹாண்டிலில் சுற்றியிருந்த பழைய பட்டியைப் பிய்த்தெறிந்துவிட்டு, கத்தரிப்பூ நிறத்தில் புதிய பட்டி வாங்கிச் சுற்றினேன். முதல்முறை கோணலாக வந்தது. அவிழ்த்துத் திரும்பச் சுற்றினேன். நகத்துக்குள் போன கறுப்புக் கிறீஸ் கிழமைக் கணக்கில் போகவில்லை. வேலையிடத்தில் என் மேற்பார்வையாளர் கையைப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றாதே என்றார்.

அந்தச் சைக்கிளில் ஏறின முதல் கிழமை உடம்பெல்லாம் நோவு. அப்படிக் குனிந்து ஓடிப் பழக்கம் இல்லை. பிறகு பழகிவிட்டது. லீவு நாட்களில் ஃப்ரையன்ட் வே ரோட்டு ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறுவேன். இரண்டு பக்கமும் புல்வெளி. உச்சியில் இருந்து வெம்பிளிப் பக்கம் இறங்கும்போது, முழங்காலடியில் கையை விட்டுக் கியரைத் தட்டினால் சங்கிலி ஒரு சத்தத்தோடு போய் உட்காரும். அந்தச் சத்தத்துக்காகவே நான் மழையிலும் போயிருக்கிறேன். அந்த இறக்கத்தில் நான் ஒருவருடைய மனைவியும் இல்லை, ஒருவருடைய தங்கச்சியும் இல்லை.

இனி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் எனக்கு முன்பே லண்டனுக்கு வந்தவர். என்னை இங்கே எடுப்பித்தது அவர். என் கல்யாணத்தைப் பேசி முடித்ததும், என் கணவருக்குத் தன் கடையில் முதல் வேலை கொடுத்ததும், இந்த வீட்டைத் தேடிப் பிடித்ததும் அவர்தான். இது ஒன்றையும் நான் மறந்தவள் இல்லை. மறக்கவும் விடமாட்டார்கள். எங்கள் வீட்டுச் சோபா என்ன நிறம் என்பதைக்கூட அண்ணன்தான் தீர்மானித்தார். மண்ணிறம். எனக்கு அந்த நிறம் பிடிக்காது. "நல்லாயிருக்கு அண்ணை" என்று சொன்னேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே என் நாக்கு பழகிவிட்டிருந்தது.

சைக்கிளை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. யாரோ கோயிலில் அவரிடம், "உங்கடை தங்கச்சி மழைக்குள்ளை சைக்கிள் ஓடிக்கொண்டு போறா, பாவம்" என்று சொல்லிவிட்டார்களாம். அந்தப் பாவம் என்ற சொல் அவரைச் சுட்டுவிட்டது. இரண்டு கடை வைத்திருக்கிற மனிதரின் தங்கச்சி, பழைய இரும்பில் குனிந்துகொண்டு போவதா?

"கார் பழகு, நான் காசு தாறன்" என்றார். வேண்டாம் என்றேன். "அப்ப பஸ்ஸிலை போ. இந்த வயசிலை இதென்ன கோலம்?" என்றார். நான் தேத்தண்ணீர் ஊற்றினேன்.

அந்தத் தை மாதத்தில் அவருடைய மகளுக்குக் கல்யாணப் பேச்சு சரிவந்து, மாப்பிள்ளை வீட்டார் கனடாவில் இருந்து வருவதாக இருந்தது. பெண்ணின் மாமி என்ற முறையில் எங்கள் வீட்டிலும் ஒரு மத்தியானச் சாப்பாடு. சைக்கிள் எங்கள் வீட்டு நடையில், கதவைத் திறந்தவுடன் முதலில் கண்ணில் படுகிற இடத்தில்தான் நிற்கும். வேறு இடம் இல்லை. அண்ணன் வந்து பார்த்து, "இதை எறி" என்றார். "அண்டைக்கு மட்டும் படுக்கை அறைக்குள்ளை வைக்கிறன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதித்துவிட்டார் என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து, சைக்கிளின் பின் டயரில் காற்றுப் போய்விட்டது. மாற்ற டியூப் கையில் இல்லை. அதனால் மறுநாள் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். பின்னேரம் திரும்பி வந்து கதவைத் திறந்தால், நடையில் மூன்று பேர் நிற்கிறார்கள். அண்ணன், அவருக்குப் பின்னால் என் கணவர், என் அண்ணி. அண்ணியின் கையில் போன், என் முகத்துக்கு நேரே பிடித்தபடி. என் சைக்கிள் நின்ற இடத்தில் புத்தம் புதிய பற்றரி சைக்கிள் ஒன்று. ஊதா நிறம். முன்னால் பிரம்புக் கூடை. கூடையில் பெரிய ரிப்பன் முடிச்சு.

"சர்ப்ரைஸ்!" என்றார் அண்ணி. "சிரி, வீடியோ போகுது."

நான் சிரிக்கவில்லை. "என்ரை சைக்கிள் எங்கை?" என்று கேட்டேன்.

"அதை விடு. இதைப் பார்" என்றார் அண்ணன். "மிதிக்கவே தேவையில்லை. தானாய்ப் போகும். உன்ரை முழங்காலுக்கும் நல்லது."

"என்ரை சைக்கிள் எங்கை அண்ணை?"

"கொண்டுபோய் டம்பிலை போட்டாச்சு. காலமை நானே காரிலை ஏத்திக்கொண்டு போனனான்."

டம்ப் என்று எங்கள் ஆட்கள் சொல்வது, வீட்டுப் பழைய சாமான்களைக் கொண்டுபோய்க் கொட்டுகிற கவுன்சில் இடத்தை. பழைய அடுப்பு, உடைந்த கட்டில், நனைந்த மெத்தை எல்லாம் அங்கேதான் போகும்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ஆனால் வீடியோவில் இருக்கிறது. பிறகு பார்த்தேன். வேலைக்குப் போட்ட உடுப்போடு, கையில் சாப்பாட்டுப் பையோடு, நான் கத்துகிறேன். அந்தக் குரல் என்னிடம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

"ஆரைக் கேட்டு எடுத்தனீங்கள்? இது ஆற்றை வீடு? என்ரை வீட்டுக்குள்ளை வந்து என்ரை சாமானைத் தூக்கி எறிய நீங்கள் ஆர்?"

"உனக்கென்ன விசரே?" என்கிறார் அண்ணன். "ஒரு பழைய இரும்புக்கு இந்தக் கூத்தோ? உன்ரை நன்மைக்குத்தானே செய்தனான்."

"என்ரை நன்மையை நான் பாக்கிறன்! இவ்வளவு நாளும் நீங்கள் பாத்தது காணும்!"

படம் ஆடுகிறது. பிறகு நிலம் தெரிகிறது. பிறகு ஒன்றும் இல்லை.

நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். கேட்கத் தேவை இருக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டது அவர்தான். அண்ணன் ஒரு பக்கம் பிடிக்க, மறுபக்கம் பிடித்துப் படியிறக்கியதும் அவர்தான். "அண்ணை சொன்னவர்..." என்று இழுத்தார். அந்த நேரத்தில் அண்ணன் மேல் வந்த கோபம் ஒரு பங்கு என்றால், கணவர் மேல் வந்தது இன்னும் பெரிது. நான் அந்தச் சைக்கிளுக்குப் பட்டி சுற்றியதை, கிறீஸ் பூசியதை, மழையில் நனைந்து வந்தால் என் தலையைத் துடைக்க முன்னம் அதைத் துடைத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்.

"காரை எடுங்கோ" என்றேன் அண்ணனிடம். "இப்ப என்னை அங்கை கூட்டிக்கொண்டு போங்கோ."

என் முகத்தில் என்ன கண்டாரோ, மறுபேச்சு இல்லாமல் கார்த் திறப்பை எடுத்தார். நான் முன் சீட்டில் ஏறினேன். கணவர் கேட்காமலே பின்னால் ஏறினார். வழியில் அண்ணன் ஒருமுறை, "அவங்கள் திருப்பித் தரமாட்டாங்கள், வீண் அலைச்சல்" என்றார். நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டம்ப் வாசலில் ஒரேஞ்சு நிற ஜாக்கெட் போட்ட பெண் ஒருத்தி காரை மறித்தாள். முன்கூட்டியே பதிந்தீர்களா என்று கேட்டாள். இல்லை. காலையில் போட்ட ஒரு சாமானைத் திருப்பி எடுக்க வந்திருக்கிறோம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். உள்ளே போட்டது எதையும் திருப்பிக் கொடுக்கக்கூடாது, அதுதான் சட்டம் என்றாள். அவள் கொடுமையாகச் சொல்லவில்லை. தினமும் நூறு பேருக்குச் சொல்வதைத்தான் சொன்னாள்.

"பார், நான் சொன்னனான்தானே" என்று அண்ணன் தமிழில் சொல்லிக்கொண்டு ரிவேர்ஸ் கியரைப் போட்டார். அவருடைய குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிதான் என்னை எழுப்பியது. கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். நேரே உள்ளே நடந்தேன். அந்தப் பெண் பின்னால் இருந்து கத்தினாள். ஆட்கள் நடந்து வரக்கூடாதாம், ஆபத்தாம். பின்னால் நின்ற கார்கள் ஹோன் அடித்தன.

இரும்புச் சாமான் போடும் பெட்டி ஒரு லொறி அளவு இருந்தது. அதன் ஓரத்தில் ஏறிப் பார்க்க ஒரு மேடை. ஏறினேன். உடுப்புக் காயப்போடும் கம்பிகள், ஒரு வாஷிங் மெஷின், இஸ்திரி மேசைகள். அதற்குக் கீழே, கத்தரிப்பூ நிறம் ஒரு துண்டு தெரிந்தது. என் கையால் சுற்றிய பட்டி. முன் சில்லு வாஷிங் மெஷினின் பாரத்தில் எட்டுப் போல் நெளிந்திருந்தது. சீட்டைக் காணவில்லை.

அழுகை வரவில்லை. கோபம் மட்டும்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் ஓடி வந்தார். தாடி வைத்த, உயரமான மனிதர். "மேடம், தயவுசெய்து இறங்குங்கள். இங்கே நிற்க முடியாது" என்றார்.

"இறங்குகிறேன். முதலில் அந்தச் சைக்கிளை எடுத்துத் தாருங்கள். அது என்னுடையது" என்றேன் ஆங்கிலத்தில்.

"இங்கே போட்டபின் அது உங்களுடையது இல்லை."

"நான் போடவில்லை. என் வீட்டில் இருந்து, எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு வந்து போட்டார்கள். அதற்கு என்ன பெயர்? களவு என்றுதானே சொல்வார்கள்? களவெடுத்த பொருளையா வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறீர்கள்? போலீசைக் கூப்பிடட்டுமா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "யார் எடுத்தது?" என்று கேட்டார்.

நான் கையை நீட்டி வாசலைக் காட்டினேன். அண்ணன் காரை ஓரமாக விட்டுவிட்டு, கோட்டை இழுத்து மூடிக்கொண்டு, எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி என் கணவர்.

"அந்த ஆள்தான்" என்றேன். "என் அண்ணன்."

பழைய மெத்தைகளோடும் அட்டைப் பெட்டிகளோடும் வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனின் முகம் சிவந்துவிட்டது. யாரையும் தன் கடைக்குள் உரத்துப் பேசவிடாத மனிதர் அவர்.

பொறுப்பானவர் அவரிடம் நேரே கேட்டார். "சேர், இந்தச் சைக்கிளை நீங்கள்தான் இங்கே கொண்டுவந்தீர்களா?"

"ஆம்."

"இது உங்களுடையதா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லி அவரைக் காப்பாற்றுவேன். பரவாயில்லை அண்ணை என்பேன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவருடைய கண்ணைப் பார்த்தபடியே நின்றேன்.

"இல்லை" என்றார். "இவளுடையது. நான் இவளிடம் கேட்கவில்லை."

ஆங்கிலத்தில்தான் சொன்னார், முன்பின் தெரியாத ஒருவரிடம்தான் சொன்னார். இருந்தாலும் என் வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு பொருள் என்னுடையது என்று என் அண்ணனின் வாயால் கேட்டேன்.

பொறுப்பானவர் தாடியைத் தடவினார். தவறுதலாக வந்த சாமான் என்று வைத்துக்கொள்வோம் என்றார். நீண்ட கொக்கித் தடி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். சைக்கிள் வெளியே வரும்போது எழுந்த சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. சீட்டைத் தேடித் தருகிறோம் என்று முயன்றார்கள். கிடைக்கவில்லை.

அண்ணன் காரின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "ஏத்து" என்றார்.

"உங்கடை காரிலை இது இனி ஏறாது" என்றேன்.

முன் சில்லு சுற்றாது. அதனால் ஹாண்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காற்றில்லாத பின் சில்லில் உருட்டி நடந்தேன். அண்ணனின் கார் எங்களைக் கடந்து போனது. கணவர் அதில் ஏறவில்லை. என் பக்கத்தில் நடந்து வந்தார். மழை தூறத் தொடங்கியிருந்தது.

"இஞ்சை தாரும், நான் பிடிக்கிறன்" என்றார்.

"காலமை பிடிச்சது காணும்."

அவர் நின்றுவிட்டார். பிறகு ஓடி வந்து திரும்பச் சேர்ந்துகொண்டார். கொஞ்ச தூரம் போனபின், ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "நீர் என்னைக் கோவிக்கிறது சரிதான். அவருக்கு ஏலாதெண்டு சொல்ல எனக்கு இண்டு வரைக்கும் வாய் வந்ததில்லை. கடையிலை நிண்ட காலத்திலை இருந்து அப்பிடித்தான். நீர் அங்கை மேலை ஏறி நிண்டு கத்தேக்கை, எனக்கு வெக்கமாய் இருந்தது. உம்மாலை இல்லை. என்னாலை."

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஏற்றம் வந்த இடத்தில் கை விறைத்துப்போய், ஹாண்டிலின் ஒரு பக்கத்தை மட்டும் அவரிடம் விட்டேன்.

வீடியோ எப்படியோ வெளியே போய்விட்டது. அண்ணி அதை வேண்டுமென்று அனுப்பினாரா, நேரலையில் குடும்பக் குரூப்புக்குப் போய்விட்டதா, இன்றுவரை தெரியாது. கனடா, பிரான்ஸ், கொழும்பு என்று எல்லோரும் பார்த்தார்கள். ஒரு மச்சாள் அழுகிற முகமும் சிரிக்கிற முகமும் போட்டிருந்தாள். ஒரு சித்தப்பா, அண்ணன் இல்லாவிட்டால் இவள் எங்கே இருந்திருப்பாள் என்று எழுதியிருந்தார். ஆனால் தனியாக எனக்கு வந்த செய்திகள் வேறு மாதிரி இருந்தன. எல்லாம் பெண்கள். ஒருத்தியின் தையல் மெஷினை அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது விற்றுவிட்டார்களாம். இன்னொருத்தி, என்னோடு அதிகம் பேசாதவள், ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள்: "நான் ஒருநாளும் இப்பிடிக் கத்தேல்லை அக்கா." அதை வாசித்துவிட்டு நெடுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஊதாச் சைக்கிள் ரிப்பனோடு திரும்பிப் போனது. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, நெளிந்த சில்லோடும் சீட் இல்லாமலும் என் சைக்கிளை நடையிலேயே விட்டேன். படுக்கை அறைக்குள் வைக்கவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக உடம்பை ஒடுக்கிக்கொண்டு அதைத் தாண்டி வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய், "இது ஆற்றை?" என்று கேட்டார். அண்ணனும் அந்த இடத்தில் நின்றார். "என்ரை" என்றேன். "நல்லாய் ஓடுமோ?" என்றார். திருத்தினபிறகு ஓடும் என்றேன். அவ்வளவுதான். கல்யாணம் ஒன்றும் குழம்பவில்லை. சாப்பாட்டில் கணவாய்க் கறியைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள்.

பழைய அளவில் ஒரு முன் சில்லுக்கு அலைந்து திரிந்தேன். கடைசியில் சவுத்தாலில் ஒரு சைக்கிள் கடையில் அதுவும் ஒரு சீட்டும் கிடைத்தன. சில்லின் நிறம் பொருந்தாது, மற்றச் சில்லைவிட இது கூடப் பளபளக்கும். சட்டத்தில் வாஷிங் மெஷின் கீறின கீறலை நான் பெயின்ட் அடித்து மறைக்கவில்லை. ஃப்ரையன்ட் வே இறக்கத்தில் கியரைத் தட்டினால் சங்கிலி இப்போதும் அதே சத்தத்தோடு போய் உட்காரும்.

அண்ணன் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்று நான் காத்திருக்கவும் இல்லை. முன்பெல்லாம் தன்னிடம் இருக்கும் எங்கள் வீட்டுத் திறப்பைப் போட்டுத் திறந்துகொண்டு உள்ளே வருவார். இப்போது அந்தத் திறப்பு என்னிடம் இருக்கிறது. வருவதற்கு முன் போன் எடுத்து, "நிக்கிறியோ? வரட்டோ?" என்று கேட்கிறார். அந்த இரண்டு சொல்லையும் கேட்கும்போது அவர் மேல் எனக்குப் பாசம் வருவதும் உண்டு, உடனே பின்னால் கோபம் வருவதும் உண்டு. இவ்வளவு காலமும் இதைக் கேட்காமலே இருந்தாரே என்ற கோபம்.

என்னை வாழவைத்தவர்களுக்கு நான் நன்றி உள்ளவள்தான். ஆனால் அந்த நன்றியைக் காட்டி என் கதவைத் திறக்க இனி யாரையும் விடமாட்டேன் என்பதை, ஒரு பிளவுஸ் கூலிக்கும் பெறாத பழைய சைக்கிளைக் குப்பைக்குள் இருந்து இழுத்தெடுத்த அன்றுதான் நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.